வாசகர் கேள்வி – பதில்: என்ஜின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

கேள்வி: கோலாலம்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கச் சென்னையில் விமானம் ஏறினேன். மேலெழும்பிய சற்று நேரத்தில் வலப்பக்க என்ஜினில் வெடிச்சத்தம் கேட்டது, தீயும் தெரிந்தது. வெகுநேரம் வட்டமடித்த பிறகே சென்னையில் திரும்ப இறக்கினார்கள். ஏன் உடனே இறக்கவில்லை? இரண்டு என்ஜினும் நின்றிருந்தால் எங்கள் கதி என்ன? மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். மறுபடி விமானம் ஏற மனம் துணியவில்லை.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அம்மா, அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அச்சம் எளிதில் விலகாது. என்ஜினுக்குள் காற்றோட்டம் தடுமாறி, அழுத்தப்பட்ட காற்று பின்வாங்கும்போது அப்படி வெடியோசை எழும். எரியாத எரிபொருள் தீயாக வெளிப்படும். பறவை மோதினாலும் இது நேரும், உள்ளிருக்கும் தகடுகள் பழுதானாலும் நேரும்.

ஒரு என்ஜின் நின்றாலும் மற்றொன்றைக் கொண்டே மேலெழும்பித் திரும்பி வர முடியும் என்று நிரூபிக்காத எந்தப் பயணிகள் ஜெட் விமானத்துக்கும் பறக்கச் சான்றிதழ் கிடைப்பதில்லை. ஓடுபாதையில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைத்திருப்பார்கள். அதற்குள் பழுது தெரிந்தால் நிறுத்துவார்கள், அதைக் கடந்துவிட்டால் ஒற்றை என்ஜினோடு எழும்புவார்கள். விமானி அறையைப் போலவே அமைத்த பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில் இதை மீண்டும் மீண்டும் செய்து தேறியவர்களே உங்களை ஏற்றிச் செல்கிறார்கள்.

வட்டமடித்ததற்கும் காரணம் உண்டு. நிறைந்த எரிபொருளோடு கிளம்பிய விமானம், தரையிறங்குவதற்கு உரிய எடையைவிடக் கனமாக இருக்கக்கூடும். ஏ320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்களில் எரிபொருளை வானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்து எரித்துத்தான் குறைக்க வேண்டும். தீ அணையாமல் இருந்திருந்தால் எடையைப் பாராமல் உடனே இறக்கியிருப்பார்கள். ஆகவே அந்தக் காத்திருப்பே நிலைமை கட்டுக்குள் இருந்ததைக் காட்டுகிறது. இதை விமானி ஒலிபெருக்கியில் இரண்டு வரியில் சொல்லியிருந்தால் உங்கள் வேதனை பாதியாகக் குறைந்திருக்கும். சொல்லாமல் விட்டது குறைதான்.

இனி, இரண்டும் நின்றால் என்ன ஆகும்? விமானத்தைத் தாங்குவது இறக்கைகளின் மேல் ஓடும் காற்று. கேப்பர் மலைச் சரிவில் மிதிக்காமலே மிதிவண்டி உருண்டு வருவதைப்போல, விமானம் தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்து முன்னேறும். 10 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர், அதாவது சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான தூரம், அது மிதந்து வர முடியும். 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்ததால் நான்கு என்ஜின்களையும் இழந்தது. சாம்பலைவிட்டுக் கீழிறங்கி வந்ததும் என்ஜின்கள் மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் அனைவரும் உயிரோடு இறங்கினார்கள். 2001 ஆகஸ்டில் எரிபொருள் கசிந்து தீர்ந்துபோன ஏர் டிரான்சாட் விமானம், அட்லாண்டிக் கடலுக்கு மேல் என்ஜின் ஏதும் இயங்காமல் சுமார் 19 நிமிடங்கள் மிதந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

உயரம் இல்லாதபோது அவகாசமும் இல்லை என்பதை மறைக்கக் கூடாது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் எழும்பிய சில நொடிகளில் ஏர் இந்தியா விமானத்தின் இரண்டு என்ஜின்களுக்கும் எரிபொருள் நின்றதாக முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறியது. 260 உயிர்கள் போயின. அந்தத் துயரம் நம் எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது. ஆயினும் இரண்டும் ஒருசேர நிற்பது மிக அரிது என்பதால்தான், ஒற்றை என்ஜினில் 3 மணி நேரத்துக்கு மேலும் பறக்கலாம் என்ற அனுமதியோடு இரட்டை என்ஜின் விமானங்கள் பெருங்கடல்களைக் கடக்கின்றன.

மகளிடம் போய் வாருங்கள், அம்மா. ஆட்டம் குறைவாகத் தெரியும் இறக்கையருகே இடம் கேளுங்கள். எழும்பிச் சிறிது நேரத்தில் என்ஜின் ஒலி திடீரெனத் தணியும். அது விமானி வேண்டுமென்றே விசையைக் குறைப்பது. அப்போது அஞ்ச வேண்டாம்.

கேள்வி: லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பும் விசிறி வைத்த சிறிய விமானம் ஜெட் அளவுக்கு நம்பகமானதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நீங்கள் சொல்லும் விசிறி விமானம் ஏடிஆர் என்ற வகை. அதன் விசிறியைச் சுழற்றுவதும் ஜெட்டில் உள்ளதைப் போன்ற டர்பைன் என்ஜின்தான். நம் ஊரின் சுமார் 1,500 மீட்டர் ஓடுபாதைக்கு ஏற்றது. ஒற்றை என்ஜினிலும் பறக்கும். ஆனால் இயந்திரம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. 2015 பிப்ரவரியில் தைபேயில் ஒரு ஏடிஆரின் ஒரு என்ஜின் செயலிழந்தபோது, விமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதைத் தவறாக அணைத்துவிட்டார். 43 பேர் இறந்தார்கள். எந்த என்ஜினை அணைப்பது என்பதை இரு விமானிகளும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும் என்ற நடைமுறையின் அருமை அங்கே தெரிந்தது. விமானத்தின் வகையைவிட, விமானிகளின் பயிற்சியில் நிறுவனம் காட்டும் கண்டிப்பையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலுக்கு மேல் விமானம் குலுங்கும்போது என்ஜின் நின்றுவிடாதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: குலுங்கலால் என்ஜின் நிற்பது மிக அபூர்வம், கனமழையை உள்ளிழுத்தும் இயங்குகிறதா என்று சோதித்தே அதற்கு அனுமதி தருகிறார்கள். காயம் பெரும்பாலும் இருக்கையில் கட்டப்படாத உடல் தூக்கி எறியப்படுவதால் உண்டாகிறது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் மியான்மருக்கு மேல் கடுமையாகக் குலுங்கியபோது ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தனர். பெல்ட் கட்டச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும், உறங்கும்போதும், பெல்ட்டை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருங்கள்.