காட்டுப் பியோனி விதையில் என்ன இருக்கிறது, அது உடலுக்கு உண்மையிலேயே நல்லதா?

எண்ணெய் வித்துகளின் வேதியியலைச் சில ஆண்டுகள் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சீனா சென்று வந்த நண்பர் ஒருவர் பியோனி விதை எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கொடுத்து, இதே கேள்வியை என்னிடமும் கேட்டார். அந்தப் புட்டியின் அட்டையில் இருந்த குழப்பமே உங்கள் கேள்வியிலும் இருப்பதாகத் தோன்றுகிறது: விதையில் உள்ளதெல்லாம் எண்ணெயிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம், அது சரியன்று.

பியோனி என்னும் பூந்தாவரத்தில் செடி வகையும் உண்டு, குறுமர வகையும் உண்டு. விதைக்காகப் பெரிதும் ஆராயப்பட்டவை சீனாவில் மட்டுமே இயற்கையாக வளரும் குறுமர வகைகள். அவற்றுள் பியோனியா ராக்கியும் பியோனியா ஓஸ்டியும் முதன்மையானவை. பின்னதை அன்ஹுய் மாகாணத்தில் வேர்ப்பட்டை மருந்துக்காக நெடுங்காலமாகப் பயிரிட்டுவருகிறார்கள். அதன் விதைக்கு மதிப்பு வந்தது அண்மையில்தான். இவ்விரு வகைகளின் விதை எண்ணெயையும் சீன அரசு 2011இல் புதிய உணவுப் பொருளாக ஏற்று, நாளொன்றுக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று அளவும் குறித்தது.

அந்த எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு அருகிலோ அதற்கு மேலோ நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களே. அதிலும் ஒமேகா 3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் பெரும்பாலும் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு லினோலெயிக் அமிலமும் ஓலெயிக் அமிலமும். நம் நல்லெண்ணெயில் அந்த ஒமேகா 3 ஒரு விழுக்காடுகூடத் தேறாது என்பதை நினைத்தால் இது பெரிய அளவுதான். ஆனால் ஆளிவிதை எண்ணெயில் இதைவிடவும் கூடுதலாகவே இருக்கிறது, விலையும் மிகக் குறைவு. தவிர, தாவர ஒமேகா 3இல் சிறு பங்கை மட்டுமே நம் உடல் மீன் எண்ணெயில் உள்ள வடிவங்களுக்கு மாற்றிக்கொள்கிறது என்பதால், மீனெண்ணெய்க்கு இது நேர் மாற்று ஆகாது. காமா டோகோஃபெரால் (வைட்டமின் ஈ வகை), பீட்டா சிட்டோஸ்டெரால் (தாவர ஸ்டெரால்) ஆகியவையும் எண்ணெயோடு சேர்ந்து வருகின்றன.

விளம்பரங்கள் பெரிதாகப் பேசும் ரெஸ்வெராட்ரால், விநிஃபெரின், சஃப்ரூட்டிகோசால் போன்ற ஸ்டில்பீன்கள் என்னும் தாவர வேதிப்பொருள்களின் கதை வேறு. அவை விதையின் கறுத்த, கடினமான மேலுறையில்தான் செறிந்திருக்கின்றன; எண்ணெயில் எளிதில் கரைவதில்லை. பியோனிஃப்ளோரின் என்னும் கிளைக்கோசைடும் (சர்க்கரையோடு பிணைந்த சேர்மம்) எண்ணெயில் எளிதில் கரைவதில்லை. செக்கில் ஆட்டினால் இவை பெரும்பாலும் தோலோடும் பிண்ணாக்கோடும் தங்கிவிடும். மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகளை ஸ்டில்பீன்கள் தடுப்பதாகச் சோதனைக் குழாயிலும், இரத்தக் கொழுப்பை எண்ணெய் குறைப்பதாக எலிகளிலும் கண்டிருக்கிறார்கள்; மனிதர்களிடம் பெரிய அளவில் நடந்த ஆய்வுகளின் வலு இவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆகவே, எண்ணெய்ப் புட்டியின் மேல் ரெஸ்வெராட்ராலின் பெருமையை அச்சடிப்பதை நான் நேர்மையான செயலாகக் கருதவில்லை.

பழைய மருத்துவ வழக்கை ஆதாரமாகக் காட்டுவோரும் உண்டு. பண்டைய கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் பியோனியின் கறுப்பு விதைகளைக் கெட்ட கனவுக்கும் சிவப்பு விதைகளை உதிரப்போக்கை நிறுத்தவும் பரிந்துரைத்தார். (அந்தச் சிவப்பு விதைகள் கருவுறாமல் போனவை; நட்டால் முளைக்காது.) யுனானியில் வழங்கும் ஊத் சலீப் இமயமலைப் பியோனியின் வேர், அதன் பெயரைச் சொல்லி விதையை விற்பது பொருந்தாது.

எண்ணெய் கிடைத்தால் தாளிக்கவோ பொரிக்கவோ வேண்டாம். ஒமேகா 3 மிகுந்த எண்ணெய் சூட்டிலும் வெளிச்சத்திலும் விரைவில் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஆறிய உணவின் மேல் ஊற்றிக்கொள்ளலாம். காட்டில் பறித்த விதையை அப்படியே மென்று பார்க்க வேண்டாம். உணவாக ஏற்கப்பட்டது எண்ணெய்தானே தவிர, முழு விதையன்று. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களும் கருவுற்றிருப்பவர்களும் எண்ணெயைக்கூடத் தங்கள் மருத்துவரைக் கேட்டபின்பே தொடுவது நல்லது. என் நண்பரின் புட்டி அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கிறது. வெள்ளரிக்காய்த் துண்டுகளின் மேல் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்.