ரொறன்ரோவில் எந்த ஏரியாவில் வீடு எடுப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாகப் படித்தேன். யூனியன் ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் கணக்காளர் வேலை, கிழமையில் மூன்று நாள் நேரில் போகவேண்டும், மனைவி வந்த பிறகுதான் வேலை தேடப் போகிறார், மகளுக்கு ஆறு வயது. மாமா ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கும் ஏஜாக்ஸுக்கு வரச் சொல்கிறார். கூடப் படித்தவர் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோப் பக்கமே போகவேண்டாம் என்கிறார். இன்னொருவர் இணையத்தில் ஒரு கொன்டோவை, அதாவது தனித்தனிச் சொந்தக்காரர் உள்ள தொடர்மாடி வீடொன்றைக் காட்டி, இப்போதே காசு அனுப்பிப் பிடித்துவைக்கச் சொல்கிறார். இதில் எது நல்ல ஏரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கொன்டோ. நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள். விற்பனைக்கு வந்த வீட்டின் படங்களை எடுத்து வாடகை விளம்பரமாகப் போடுகிறார்கள். வாடகை அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருக்கும், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வார், முற்பணம் வந்ததும் திறப்பைத் தபாலில் அனுப்புவாராம். இப்படிப் போன காசு திரும்பி வருவது மிகவும் அரிது. உண்மையான வீடாகவே இருந்தாலும், ஊரில் இருந்துகொண்டு ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க நான் சொல்லமாட்டேன். வந்து இறங்கி ஒன்றிரண்டு மாதம் மாமா வீட்டில் இருங்கள், அல்லது மாதக் கணக்கில் ஒரு அறை எடுங்கள். அறை எடுத்தால் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள்: வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ளும் அறைக்கு ஒன்ராறியோவின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் பொருந்தாது. திடீரென்று எழும்பச் சொன்னால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பதை முதலே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, ஏரியாவுக்கு வருவோம். இங்கே ஆக்கள் இடத்தை இரண்டு தெருக்களின் பெயரால்தான் சொல்வார்கள். "மார்க்கம் - எக்ளின்ரன்", "கென்னடி - எல்ஸ்மியர்", "மோர்னிங்சைட் - ஷெப்பர்ட்" என்றால் அந்த இரண்டு வீதியும் சந்திக்கும் சந்தி. விளம்பரத்தில் "மார்க்கம்" என்று கண்டால் கவனமாக இருங்கள். மார்க்கம் என்று ரொறன்ரோவுக்கு வடக்கே தனி நகரம் ஒன்று இருக்கிறது, ஸ்காபரோவுக்குள் ஓடும் மார்க்கம் றோட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எல்லையாக இருப்பது ஸ்டீல்ஸ் அவெனியூ. எந்தச் சந்தி என்று கேட்காமல் வீடு பார்க்கப் புறப்படாதீர்கள்.

உங்கள் நிலையில் நான் வீட்டை வேலைப் பாதையில் இருந்துதான் தேடத் தொடங்குவேன். ஸ்காபரோ என்றால் ரயில் இருக்கும் என்று பழைய வரைபடத்தைப் பார்த்து நம்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்காபரோ ஆர்ரி என்ற அந்தச் சிறு ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு திரும்ப ஓடவேயில்லை. அதற்குப் பதிலாக பஸ் விட்டிருக்கிறார்கள், சப்வேயை நீட்டும் வேலையும் நடக்கிறது. ஆகவே "சப்வே வரப்போகிற இடம்" என்று யாராவது வாடகையைக் கூட்டிச் சொன்னால், அது வரும்வரை பஸ்ஸில் போகப்போவது நீங்கள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

யூனியனுக்குப் போகிற ஆளுக்கு சப்வேயைவிட, புறநகர்களை நகரோடு இணைக்கும் கோ ரயில்தான் தோது. ஸ்ரூவில் பாதையில் மிலிக்கன், அஜின்கோர்ட், கென்னடி நிலையங்கள் இருக்கின்றன. லேக்ஷோர் கிழக்குப் பாதையில் ரூஜ் ஹில், கில்ட்வூட், எக்ளின்ரன், ஸ்காபரோ. இவை எல்லாம் நேரே யூனியனில் கொண்டுபோய் இறக்கும். முன்பு பஸ்ஸுக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்று இரண்டு கட்டணம் போய்க்கொண்டிருந்தது. 2024 பெப்ரவரியில் இருந்து ஒரே கார்ட்டைத் தட்டிப் போனால் கோ ரயிலோடு சேரும் ரிரிசி பஸ்ஸுக்கு, அதாவது ரொறன்ரோ நகரப் போக்குவரத்தின் பஸ்ஸுக்கு, தனிக் கட்டணம் இல்லை. ஸ்டீல்ஸைக் கடந்து மார்க்கம் பக்கம் போகிறவர்களுக்கும் இதனால் இரட்டைச் செலவு நின்றுவிட்டது. பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு ரிரிசியிலும் கோ ரயிலிலும் காசு இல்லை.

ஒரு வீடு மனதுக்குப் பிடித்தால், வேலை நாள் ஒன்றில் காலை ஏழரைக்கு அந்த வாசலில் நின்று புறப்பட்டுப் பாருங்கள். வரைபடத்தில் பார்த்தால் போதாது. தரிப்புக்கு நடக்கிற தூரம், முதல் பஸ் நிரம்பி நிற்காமல் போகிறதா, மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும், எல்லாம் நேரில்தான் தெரியும். ஜூனில் பத்து நிமிடம் நிற்பது ஒன்றுமில்லை. பெப்ரவரியில் பாகை மைனஸ் பதினைந்துக்குப் போகும் காலையில், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதே பத்து நிமிடம் நிற்பது வேறு.

மனைவியின் பயணத்தையும் சேர்த்து யோசியுங்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புருஷனின் வேலைக்குத் தோதான இடத்தில் வீடு எடுத்துவிடுகிறோம். மனைவிக்கு முதலில் கிடைக்கும் வேலை அநேகமாக அதிகாலை ஷிஃப்டாகவோ இரவு முடியும் ஷிஃப்டாகவோ இருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் போகவேண்டி வரும். அந்த நேரங்களில் பஸ் ஓடாத தெருவில் இருந்தால் அவருடைய வேலைத் தேடல் தொடங்கும் முன்பே சுருங்கிவிடும். ஃபின்ச், லோரன்ஸ், எக்ளின்ரன் போன்ற பெரிய வீதிகளில் பஸ் அடிக்கடி வரும், அவற்றில் நள்ளிரவுக்குப் பிறகும் இரவு பஸ் உண்டு. எக்ளின்ரன் கிழக்கில் தொடங்கி கிங்ஸ்ரன் றோட், மோர்னிங்சைட் வழியாக, 2020இல் பஸ்ஸுக்கென்றே சிவப்பு நிறத்தில் தனிப் பாதை ஒதுக்கினார்கள். கார் வாங்கும்வரை இப்படியான ஒரு வீதியில் இருந்து நடக்கிற தூரத்தில் இருப்பது உங்கள் இருவருக்கும் பெரிய உதவி.

உங்கள் நண்பர் ஸ்காபரோவைப் பற்றிச் சொன்னது எனக்கு மனவருத்தம். பல வருடமாக நான் பிள்ளைகளை வளர்த்த இடம் இது. ஆறு லட்சத்துக்கும் கூடுதலான சனம் வாழும் நிலப்பரப்பை ஒரே சொல்லில் ஆபத்து என்று தள்ளிவிட முடியாது. ரொறன்ரோ பொலிஸ் தங்கள் இணையத்தளத்தில், நகரை 158 குடியிருப்புப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் என்ன வகைக் குற்றம் எத்தனை நடந்தது என்று வரைபடத்தோடு போடுகிறார்கள். நண்பரின் பேச்சைவிட அதைப் பாருங்கள். அப்புறம் இருட்டின பிறகு ஒருமுறை பஸ் தரிப்பில் இருந்து வீட்டு வாசல்வரை நடந்து பாருங்கள். வெளிச்சம் போதுமா, வேறு ஆட்கள் நடக்கிறார்களா, பனிக்காலம் என்றால் நடைபாதையில் ஸ்னோ வழித்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளி விடும் நேரம் வாசலில் நிற்கும் அம்மாமாரில் ஒருவரோடு ஐந்து நிமிடம் கதையுங்கள். எந்த மூலை சரியில்லை, எந்தப் பூங்காவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று ஒளிக்காமல் சொல்வார்கள்.

ஏரியா நல்லதாக இருந்து கட்டடம் மோசமாக இருப்பதும் உண்டு. இங்கே அதுதான் அடிக்கடி நடப்பது. சொந்தக்காரப் பிள்ளை ஒருவருக்கு வீடு பார்க்க ஒரு தொடர்மாடிக்குப் போயிருந்தோம். நல்ல தெரு, எதிரே பூங்கா, காட்டிய வீட்டுக்குப் புதுசாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள். இரண்டு லிப்டில் ஒன்றின் கதவில் "பழுது" என்று ஒட்டிய தாள், ஓரம் மஞ்சளாகிச் சுருண்டு போயிருந்தது. எத்தனை மாதமாக அது அங்கே தொங்குகிறதோ. கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் நின்ற ஒரு அம்மாவிடம் கேட்டோம். காலையில் லிப்டுக்கு நிற்கிற வரிசையைச் சொன்னார், மூட்டைப்பூச்சிக்கு எத்தனை தரம் மருந்தடித்தார்கள் என்றும் சொன்னார். அந்த அறையில் நின்ற சிறு நேரத்தில் தெரிந்துகொண்டது, மனேஜர் சுற்றிக்காட்டியபோது தெரியவில்லை. வேறு கட்டடம் பார்த்தோம்.

இதற்கு நகரசபையின் ஏற்பாடும் இருக்கிறது. மூன்று மாடியும் பத்து வீடும் அதற்கு மேலும் உள்ள வாடகைத் தொடர்மாடிகள் 2017 முதல் ரென்ட்சேஃப்ரிஓ என்ற திட்டத்தில் பதிந்திருக்கவேண்டும். நகரசபை ஆட்கள் வந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். கட்டடத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தப் புள்ளியை இணையத்தில் பார்க்கலாம். குறைந்த புள்ளி என்றால் எதில் குறைந்தது என்று பார்த்துவிட்டுப் போங்கள். கொன்டோவும் பேஸ்மென்டும், அதாவது வீட்டின் நிலக்கீழ் தளமும், இதற்குள் வராது.

பேஸ்மென்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாடகை குறைவு என்பதால் கட்டாயம் கண்ணில் படும். நம் ஆக்களில் கனபேர் அங்கிருந்துதான் தொடங்கினார்கள், அதில் குறையொன்றும் இல்லை. உள்ளே போனதும் கதைக்காமல் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். ஈரவாடை வந்தால், சுவர் அடியில் வீங்கியிருந்தால், வேண்டாம். 2024 ஜூலை மழையில் ரொறன்ரோவில் எத்தனையோ பேஸ்மென்ட்களுக்குள் தண்ணீர் வந்தது. இந்த வீட்டுக்குள் வந்ததா என்று நேராகவே கேளுங்கள். நெருப்புப் பிடித்தால் வெளியே போக வழி என்ன, புகை அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும் வேலை செய்கின்றனவா, ஹீற்றரைக் கூட்டிக் குறைப்பது யார் கையில். மேல்வீட்டுக்காரர் கையில் மட்டும் என்றால் குளிரில் ஒவ்வொரு நாளும் கெஞ்சவேண்டி வரும்.

மாமா சொல்லும் ஏஜாக்ஸ் அமைதியான இடம், யூனியனுக்கு ரயிலும் உண்டு. ஆனால் அங்கே கார் இல்லாமல் மனைவிக்குக் கஷ்டம். கார் என்றதும் ஒன்று: ஒன்ராறியோவில் கார் இன்சூரன்ஸ் நீங்கள் குடியிருக்கும் இடத்தின் தபால் குறியீட்டைப் பொறுத்தும் கூடிக் குறையும். வீடு எடுக்குமுன் அந்தக் குறியீட்டைக் கொடுத்து விலை கேளுங்கள். வாடகையில் மிச்சம் பிடித்தது இன்சூரன்ஸில் போய்விடக்கூடாது.

மகளின் பள்ளிக்கூடம் முகவரியை வைத்துத்தான் தீர்மானமாகும். ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்தப் பள்ளி என்று காட்டும். தெருவின் அந்தப் பக்கம் ஒரு பள்ளி, இந்தப் பக்கம் வேறு பள்ளி என்றும் வரும். புதுக் கொன்டோக்கள் எழும்பும் இடங்களில், பக்கத்துப் பள்ளியில் இடம் போதாமல் போகலாம் என்று கல்விச் சபையே பலகை வைத்திருக்கும். பள்ளிக்கு ஒரு ஃபோன் போட்டு இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கொன்டோ பற்றி இன்னொரு விஷயம், இதைத் தரகர்கள் தாமாகச் சொல்வது குறைவு. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த வீடுகளுக்கு, வருடாந்த வாடகை உயர்வுக்கு அரசு போடும் உச்சவரம்பு இல்லை. பழைய கட்டடங்களுக்கு உண்டு, 2025க்கு அது 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். புதுக் கட்டடத்தில் தொண்ணூறு நாள் எழுத்தில் அறிவித்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை, எவ்வளவும் கூட்டலாம். மகள் ஒரு பள்ளியில் நிலைக்கவேண்டும் என்று நினைத்தால், பளபளக்கும் புதுக் கொன்டோவைவிட நன்றாகப் பராமரித்த பழைய தொடர்மாடியே நல்லது என்பது என் எண்ணம். ஹைட்ரோ, அதாவது மின்சாரம், வாடகைக்குள் சேர்ந்ததா இல்லையா என்றும் கேளுங்கள்.

கையெழுத்து வைக்கும்போது மாகாண அரசின் பொது ஒப்பந்தப் படிவத்தைக் கேளுங்கள், 2018 ஏப்ரல் 30இல் இருந்து பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு அது கட்டாயம். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் மட்டுமே முன்கூட்டிக் கேட்கலாம். "டமேஜ் டிபொசிற்" என்று தனியே கேட்பது சட்டப்படி செல்லாது. புதிதாக வந்தவர்களிடம் ஆறு மாத வாடகையை ஒரேயடியாகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமையில்லை. கனடாவில் கிரெடிட் வரலாறு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு, இன்னும் இல்லை என்பதற்காக மட்டும் உங்களைத் தள்ளிவிடுவதும் ஒன்ராறியோ மனித உரிமைக் கோவைக்கு விரோதம்.

ஆனாலும் உரிமையைச் சொல்லி வாதாடுவதைவிட, கையில் கடதாசிகளோடு போவதுதான் வேகமாக வேலை செய்யும். சம்பளத் தொகை எழுதிய வேலைக் கடிதம், வங்கிக் கூற்று, ஊரில் வாடகைக்கு இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் இருந்து ஒரு ஆங்கிலக் கடிதம். இவற்றை ஊரில் இருக்கும்போதே எடுத்து ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு வாருங்கள். மாமா ஜாமீன் கையெழுத்து வைக்கச் சம்மதிப்பாரா என்றும் இப்போதே கேட்டுவையுங்கள். வந்து இறங்கியதும் எழுதுங்கள், அஜின்கோர்ட்டிலும் கில்ட்வூட்டிலும் நான் உங்களோடு கூட வந்து பார்க்கிறேன்.