வெளியே மூன்று சின்னத் தையல், உள்ளே?

கேள்வி: வயது 34. கர்ப்பப்பையில் இருந்த 7 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டியை லேப்ராஸ்கோப்பியில் (சின்ன ஓட்டை வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சை) எடுத்துப் பத்து நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் தோள்பட்டைதான் வலித்தது, ஏன் என்றே புரியவில்லை. இப்போது வலி குறைவு. “சின்ன ஓட்டைதானே, எழுந்து வேலையைப் பார்” என்கிறார்கள் வீட்டில். எடை தூக்கலாமா? குழந்தைக்கு எப்போது முயற்சி செய்யலாம்? கட்டி திரும்ப வருமா?

பதில்: தோள்பட்டை வலிக்குக் காரணம் வாயு. வயிற்றை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு செலுத்துவார்கள், அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்தினால் வலி தோளில் தெரியும். தானாகப் போய்விடும்.

வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஓட்டை சின்னதுதான், ஆனால் உள்ளே கர்ப்பப்பையின் தசைச் சுவரைக் கீறி, கட்டியை அதன் உறையிலிருந்து நோண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தை அடுக்கடுக்காகத் தைத்திருக்கிறார்கள். தோல் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும், தசை ஆற மாதங்கள் ஆகும். அதனால் தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்குவது, கனமான பொருளை நகர்த்துவது எல்லாம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். தாம்பத்தியத்துக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். அதற்காகப் படுத்தே கிடக்காதீர்கள், காலில் ரத்தம் உறையும் அபாயம் அதில்தான் அதிகம். வீட்டுக்குள்ளேயே அடிக்கடி நடங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், பயப்படாதீர்கள். மலச்சிக்கலும் வரலாம், முக்காமல் மருத்துவரிடம் இளக்க மருந்து கேளுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, தையலில் சீழ் வந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. மூச்சு திணறினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

குழந்தைக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். வெட்டு எவ்வளவு ஆழம், கர்ப்பப்பையின் உள்ளறை வரை போனதா என்பதைப் பொறுத்து இது மாறும், பிரசவம் சிசேரியனா என்பதும்கூட. இதெல்லாம் அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும். டிஸ்சார்ஜ் காகிதத்தோடு அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள், நிறைய பேர் இதை விட்டுவிட்டு அப்புறம் அலைகிறார்கள்.

எடுத்த கட்டி திரும்ப வராது, புதிதாக வேறொன்று வளரலாம். மாதவிடாய் மறுபடி அதிகமாகப் போக ஆரம்பித்தால் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். சரி, எடுத்த கட்டியைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் வாங்கிவிட்டீர்களா? பெரும்பாலும் புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி என்றுதான் வரும், ஆனாலும் வாங்கிப் படித்துவிடுங்கள்.