மனைவி வழி வந்த அடிமைகளை வாஷிங்டனால் ஏன் விடுவிக்க முடியவில்லை?

கேள்வி: நாங்கள் வர்ஜீனியாவில் வசிக்கிறோம். என் மகன் பள்ளிக்காக எழுதிய கட்டுரையில், ஜார்ஜ் வாஷிங்டன் உயில் எழுதித் தன் அடிமைகள் எல்லாரையும் விடுதலை செய்தார் என்று எழுதியிருந்தான். ஆசிரியை அதை அடித்துவிட்டு, பண்ணையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் விடுதலை ஆகவில்லை, பெரும்பாலானவர்கள் மனைவி வழியில் வந்தவர்கள் என்று குறித்திருக்கிறார். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆனதுமே மனைவியின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும் என்றுதானே படித்திருக்கிறோம்? பிறகு ஏன் அந்த உயில் அவர்களுக்குச் செல்லவில்லை? அவர் இறந்த பிறகு மனைவியாவது விடுவித்திருக்கலாமே? மகனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியை திருத்தியது சரிதான். 1799-ல் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் இருந்த அடிமைகள் 317 பேர். அதில் வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் 120-க்குச் சற்று மேல். 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து. மீதி ஏறக்குறைய 40 பேர் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். மனிதர்களைப் பற்றி இப்படி எழுதவே கை கூசுகிறது. ஆனால் இந்தப் பிரிவினையைப் புரிந்துகொள்ளாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

வில்லங்கம் தொடங்கிய ஆண்டு 1757. மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் பெரும் பணக்காரர். சுமார் 17,500 ஏக்கர் நிலம், 300-க்கு நெருக்கமாக அடிமைகள். அவர் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். மார்த்தாவுக்கு அப்போது 26 வயது, கையில் இரண்டு சின்னக் குழந்தைகள். உயில் இல்லாததால் சட்டம் பிரித்ததுதான் பங்கு. நிலத்திலும் அடிமைகளிலும் மூன்றில் ஒரு பங்கை விதவை தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம். விற்க முடியாது, உயிலில் யாருக்கும் எழுதி வைக்க முடியாது, அவர் காலத்துக்குப் பிறகு அது இறந்த கணவரின் வாரிசுகளுக்கே திரும்பும். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு நம் விதவைகளுக்கு இருந்த வரையறுக்கப்பட்ட உரிமையை நினைத்துக்கொண்டால், ஏறக்குறைய பிடிபட்டுவிடும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நீங்கள் படித்தது தவறில்லை. கல்யாணம் ஆனால் மனைவியின் உரிமை கணவனிடம் போகும். ஆனால் மனைவியிடம் எவ்வளவு உரிமை இருக்கிறதோ அவ்வளவுதான் போகும். மார்த்தாவுக்குப் பங்காக வந்த பணமும் ஆடுமாடுகளும் 1759 ஜனவரியில் வாஷிங்டனை மணந்தபோது முழுசாக அவருடையவை ஆகிவிட்டன. மனிதர்கள் மட்டும் அப்படி ஆகவில்லை. காரணம், 1705-ல் வர்ஜீனியா சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம். வாரிசுரிமை விஷயத்தில் அடிமைகள் அசையும் சொத்து அல்ல, நிலத்தைப் போன்ற அசையாச் சொத்து என்று அது சொன்னது. பண்ணை ஒரு வாரிசுக்கும் அதில் உழைப்பவர்கள் வேறொருவருக்கும் போய்விட்டால் புகையிலை விளையாதே என்ற தோட்ட முதலாளிகளின் கவலைதான் அதன் பின்னணி. விதவை தன் பங்கில் வந்த அடிமையை வாரிசின் சம்மதம் இல்லாமல் வர்ஜீனியாவுக்கு வெளியே அனுப்பினால் தன் பங்கு முழுவதையும் இழப்பாள் என்றுகூட அதில் விதி இருந்தது. நடக்கிற, பேசுகிற, குழந்தை பெறுகிற மனிதர்களை அசையாச் சொத்து என்று எழுதியவர்கள் இதையெல்லாம் நன்றாக யோசித்தே எழுதினார்கள்.

ஆக, வாஷிங்டன் அந்தப் பங்கின் உழைப்பை 40 ஆண்டுகள் அனுபவித்தார். உரிமையாளராக ஒரு நாளும் ஆகவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை உயில் வழியாக யாரும் கொடுக்க முடியாது. மனைவி வழி வந்தவர்களை விடுவிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அவரே 1799 ஜூலை 9-ல் எழுதிய உயிலில் சொல்லியிருக்கிறார்.

வாரிசுகளைக் கேட்டு, விலை கொடுத்து வாங்கி விடுவித்திருக்கலாமே என்று மகன் கேட்பான். நல்ல கேள்வி. மார்த்தாவின் மகன் ஜான் 1781-ல் இறந்துவிட்டதால், திரும்பும் உரிமை அவருடைய நான்கு பிள்ளைகளிடம் நின்றது. பேத்திகள் மூவரும் கல்யாணம் ஆனவர்கள்; கணவன்மாரின் சம்மதம் வேண்டும். கடைக்குட்டிப் பேரன் 1781-ல் பிறந்தவர், வாஷிங்டன் இறந்த 1799 டிசம்பரில் 18 வயதுதான். அந்தக் காலத்தில் 21 வயது நிரம்பாதவர் மைனர்; மைனர் கொடுக்கும் சம்மதம் செல்லாது. எனவே சுலபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதை முழுச் சமாதானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உரிமையாளர் ஒரு பத்திரம் எழுதியே தன் அடிமைகளை விடுவிக்கலாம் என்ற சட்டம் வர்ஜீனியாவில் 1782-லேயே வந்துவிட்டது. தனக்கே முழுச் சொந்தமான 120 பேரை அதன் பிறகு 17 ஆண்டுகள் அவர் விடுவிக்கவில்லை. அதே வர்ஜீனியாவில் ராபர்ட் கார்ட்டர் என்ற பெரும் பண்ணையார் 1791-ல் பத்திரம் பதிவு செய்து, படிப்படியாக 500 பேர் வரை விடுவிக்க ஏற்பாடு செய்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், சொத்து இருந்தது. சட்டம் தடுத்த இடம் எது, மனம் தடுத்த இடம் எது என்று மகன் பிரித்து எழுதினால் கட்டுரை நன்றாக வரும்.

அடுத்தது மார்த்தா. வாஷிங்டன் தன்னுடையவர்களுக்கு உயிலில் விடுதலை கொடுத்தாலும், அது மார்த்தாவின் மரணத்துக்குப் பிறகு என்று நிபந்தனை வைத்தார். உடனடி விடுதலை அவருடைய அந்தரங்கப் பணியாளாக இருந்த அடிமை வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும், வருடம் 30 டாலர் உதவித்தொகையோடு. ஒரு வழக்கறிஞராக, இந்த நிபந்தனையைப் படிக்கும்போது எனக்குப் பதறுகிறது. 120 பேரின் சுதந்திரத்துக்கும் ஒரு பெண்ணின் மூச்சுக்கும் நேரடியாக முடிச்சுப் போட்டுவிட்டார். மார்த்தா தன் உயிருக்குப் பயந்தார் என்று அப்போதைய ஜனாதிபதியின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1800 டிசம்பரில் மார்த்தா பத்திரம் எழுதிக் கொடுக்க, 1801 ஜனவரி 1 முதல் வாஷிங்டனின் அடிமைகள் விடுதலையானார்கள்.

தன் முதல் கணவர் வீட்டு அடிமைகளை மார்த்தாவாலும் விடுவிக்க முடியாது; அவருக்கு இருந்தது ஆயுள்கால உரிமை மட்டும். ஆனால் எலிஷா என்ற ஒருவர் அவருக்கே முழுச் சொந்தம். அவரையாவது விடுவித்தாரா? இல்லை, பேரனுக்கு எழுதி வைத்தார். இதற்குச் சட்டத்தின் மேல் பழி போட முடியாது.

இதில் மிகவும் கொடுமையானது குடும்பங்கள் பிரிந்ததுதான். இரண்டு தரப்பு அடிமைகளும் 40 ஆண்டுகளில் தங்களுக்குள் கல்யாணம் செய்திருந்தார்கள். குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது 1662 முதல் வர்ஜீனியாவின் சட்டம். அப்பா வாஷிங்டனின் அடிமை, அம்மா கஸ்டிஸ் வீட்டு அடிமை என்றால், அப்பாவுக்கு விடுதலை, அம்மாவும் பிள்ளைகளும் அடிமைகள். 1802-ல் மார்த்தா இறந்ததும் அவர்கள் நான்கு பேரப்பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்கப்பட்டு நான்கு திசைக்குப் போனார்கள்.

ஓனா ஜட்ஜ் கதையையும் மகனிடம் சொல்லுங்கள். அவர் அப்பா ஒரு வெள்ளைக்காரத் தையல்காரர். அம்மா பெட்டி கஸ்டிஸ் வீட்டு அடிமை என்பதால் ஓனாவும் அடிமை. தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1796 மே மாதம் பிலடெல்பியாவில், அப்போது ஜனாதிபதியாக இருந்த வாஷிங்டனின் வீட்டில் இருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போய்விட்டார். ஆளனுப்பியும் திரும்பி வரவில்லை. அங்கே கல்யாணம் செய்து பிள்ளைகள் பெற்றார். ஆனால் காகிதத்தில் அவரும் அந்தப் பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்தாகவே இருந்தார்கள். 1848-ல் அவர் இறக்கும்வரை அந்த நிலை மாறவில்லை.

அப்புறம், அந்தக் கடைக்குட்டிப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ் 1857-ல் ஆர்லிங்டனில் இறந்தபோது அவரும் ஓர் உயில் விட்டுப் போனார். தன் நான்கு பேத்திகளுக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் கொடுத்த பிறகு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குள் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மருமகன் ராபர்ட் லீயிடம் வந்தது. பிற்காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையை நடத்திய அதே லீதான். எஜமானர் இறந்ததும் விடுதலை என்று நம்பியிருந்த வெஸ்லி நாரிஸ் 1859-ல் தப்பி ஓடினார், மேரிலாந்தில் பிடிபட்டு, திரும்பக் கொண்டுவரப்பட்டுச் சவுக்கடி பட்டார். லீ விடுதலைப் பத்திரத்தைக் கொடுத்தது 1862 டிசம்பர் 29. முதலில் பேத்திகளின் பணம், பிறகுதான் மனிதர்களின் சுதந்திரம் என்று அந்த உயில் வரிசை போட்டிருந்தது.

கட்டுரையில் திருத்த வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். 'எல்லாரையும் விடுதலை செய்தார்' என்பதற்குப் பதில், 'தனக்குச் சொந்தமானவர்களை, மனைவி இறந்த பிறகு விடுதலை ஆகும்படி எழுதி வைத்தார். மனைவி ஓராண்டிலேயே அவர்களை விடுவித்தார். கஸ்டிஸ் குடும்பத்துக்குச் சொந்தமான 153 பேர் அடிமைகளாகவே நீடித்தார்கள்' என்று எழுதச் சொல்லுங்கள். வாஷிங்டன் 1799-ல் தன் கைப்பட இரு தரப்பாரையும் தனித்தனிப் பத்தியில், பெயர், வயது, யாருக்கு யார் கணவன் மனைவி என்ற விவரத்தோடு எழுதிய பட்டியல் இருக்கிறது. நீங்கள் வர்ஜீனியாவிலேயே இருப்பதால், மவுண்ட் வெர்னனுக்குப் போகும்போது அதைப் பற்றிக் கேளுங்கள். கணவன் பெயர் ஒரு பத்தியிலும் மனைவி பெயர் இன்னொன்றிலும் இருப்பதை மகன் தானே பார்க்கட்டும்.