ஸ்டியரிங் ஆடினால் பெட்டியை மாற்ற வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: “பதினெட்டு வருடப் பழைய டிராக்டர். பவர் ஸ்டியரிங் கிடையாது. கால் சுற்று சுற்றிய பிறகுதான் முன்சக்கரம் அசைகிறது. நெல் மூட்டையோடு ரோட்டில் போகப் பயமாக இருக்கிறது. ஸ்டியரிங் பெட்டியையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?”

அவசரப்படாதீர்கள். வருடா வருடம் சேற்றுழவு ஓட்டும் வண்டியில் முதலில் தேய்வது பெட்டி அல்ல. அதன் பற்கள் எண்ணெயில் கிடக்கின்றன. ஸ்டியரிங் கம்பிகளின் முனையிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்டும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னைத் தாங்கும் புஷ்ஷும் சேற்றுத் தண்ணீரில் கிடக்கின்றன. ஆனால், சரிபார்த்து முடிக்கும்வரை டிரெய்லரை மாட்டி ரோட்டுக்குப் போகவே வேண்டாம்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். இன்ஜினை நிறுத்தி, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்கள் ஒவ்வொரு பால் ஜாயிண்டின் மீதும் கை வைத்துப் பாருங்கள். கம்பி நகர்ந்து, அதோடு இணைந்த ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பும் கை) நகராவிட்டால் அந்த ஜாயிண்ட் போய்விட்டது. பிறகு பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் மட்டும் ஆடினால் வீல் பேரிங். அதைத் தாங்கும் ஸ்பிண்டிலும் சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ். ஆக்சில் நடுவில் உள்ள சென்டர் பின்னையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிடுங்கள். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பால் ஜாயிண்டைக் கழற்றும் முன், கம்பியின் நீளத்தை ஜாயிண்ட் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அல்லது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணுங்கள். சில கம்பிகளில் ஒரு முனை இடது மரை, அதையும் கவனியுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டை இரண்டு மூன்று மரை தளர்த்துங்கள், முழுவதும் கழற்றாதீர்கள். மரை முனையில் அடித்தால் அது காளான்போல் விரிந்துவிடும். ஆர்மின் கண் பகுதியில் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, மறுபக்கம் ஓங்கி ஓர் அடி. ஜாயிண்டின் கூம்பு முனை (டேப்பர்) பிடி விட்டுவிடும். புதியதை முறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின் துளை ஒத்து வராவிட்டால் நட்டை இன்னும் இறுக்கித்தான் ஒத்துவரச் செய்ய வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் கட்டாயம் புதியது. தேய்ந்த ஜாயிண்டுக்கு வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது விட்டுப்போனால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

கிங் பின் புஷ்ஷை லேத்தில் கொடுத்துப் போடுவது நல்லது. புதிய புஷ்ஷின் கிரீஸ் துளை கிரீஸ் அடிக்கும் நிப்பிளின் துளைக்கு நேராக வர வேண்டும். புஷ்ஷை அழுத்தி ஏற்றியதும் உள்விட்டம் சற்றுச் சுருங்கும், அதனால் துளையைச் சீவும் ரீமர் ஓட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். கிங் பின்னிலும் பள்ளம் விழுந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் புது புஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருக்கும் அளவைப் பாருங்கள். முன்சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தை அச்சு உயரத்தில் முன்னும் பின்னும் அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். மாஸ்ஸி 35 டிராக்டரின் வழிவந்த பழைய வண்டிகளில், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு குறுக்கே கிடையாது. பெட்டியிலிருந்து இருபுறமும் தனித்தனிக் கம்பி. அவற்றில் ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்திக்கொண்டு இரண்டு கம்பியையும் சரிசெய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஆட்டம் இருந்தால் அப்போது பெட்டிக்கு வாருங்கள். முதலில் எண்ணெய் மட்டம், பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பிறகுதான் பற்களின் இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்ட்மென்ட். பெட்டியின் பற்கள் நேராக ஓடும் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். அந்த இடத்து ஆட்டம் முழுதும் போகும்வரை இறுக்கினால் கடைசித் திருப்பத்தில் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும். எனவே கொஞ்சமாக இறுக்கி, இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எங்காவது பிடித்தாலோ ஆட்டம் குறையாவிட்டாலோ, பெட்டியைப் பிரித்துப் பார்க்கலாம்.

சேற்றுழவு நாட்களில் தினமும் மாலை வண்டியைக் கழுவியதும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸும் சேறும் வெளியே வந்து, புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும்.