பல்ப் வாங்கிப் போடுவதா உறுப்பினரின் வேலை?

கேள்வி: 2025 மே மாதத் தேர்தலில் எங்கள் பிரதேச சபைக்கு வட்டாரத்தில் வென்றல்ல, கட்சிப் பட்டியல் மூலம் தெரிவானேன். அதற்கு முன் முன்பள்ளி ஆசிரியை. வீட்டில் யாருக்கும் அரசியல் பழக்கம் இல்லை. இப்போது விடிய ஐந்தரைக்கே தொலைபேசி அடிக்கத் தொடங்குகிறது. லைட் எரியவில்லை, வாய்க்கால் அடைத்துவிட்டது, அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) வரவில்லை, மகனுக்குச் சபையில் ஒரு வேலை, பக்கத்து வளவு மரம் எங்கள் கூரையில் விழப்பார்க்கிறது என்று ஓயாது. கந்தோரில் சொன்னால் "பார்ப்பம்" என்கிறார்கள். பொறுக்க ஏலாமல் ஒன்பது பல்ப் என் காசில் வாங்கிப் போடுவித்தேன். இப்போது அடுத்த ஒழுங்கைக்காரர் "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கோபம். கூட்டத்தில் வாய் திறந்தால் "போனஸில் வந்தவர்" என்று குத்தல். கணவர் "விட்டுப்போட்டு வா" என்கிறார். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், வலிகாமம்

பதில்: தங்கச்சி, பல்ப் வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கோ. காசு கரைகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் காசில் எரிகிற ஒன்பது லைட்டும் சபையின் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஏறவில்லை. ஏறாதபடியால் உங்கள் பக்கத்தில் தெருவிளக்குப் பிரச்சினையே இல்லை என்றுதான் கந்தோரில் கணக்கு. அடுத்த வருடத்துக்கு எத்தனை பல்ப் வாங்குவது என்று யோசிக்கிறபோது அவர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் புரட்டுவார்கள். அதோடு கம்பம் மின்சார சபையின் சொத்து. ஏறத் தெரிந்த பெடியன் ஒருவனை நீங்கள் ஏற்றி, அவனுக்கு ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது?

முறைப்பாடும் "எங்கள் ஒழுங்கையில் லைட் இல்லை" என்று போனால் "பார்ப்பம்" என்ற பதில்தான் வரும். ஒருநாள் பொழுதுபட்ட பிறகு சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றுங்கோ. எந்தக் கம்பம், யாருடைய படலைக்கு முன்னால், பல்ப் போய்விட்டதா, ஹோல்டர் கறள் பிடித்துவிட்டதா, வயர் அறுந்து தொங்குகிறதா, அல்லது ஆளில்லாத வீட்டு வாசலில் இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கிறதா என்று கொப்பியில் எழுதுங்கோ. பல்ப் போனதற்கு ஏணியும் இரண்டு ஆட்களும் காணும். வயரில் பிழை என்றால் மின்சார சபையோடு கதைத்து லைனை நிற்பாட்ட வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். இரண்டையும் நீங்கள் பிரித்து, கடிதமாகச் செயலாளருக்குக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கோ. முத்திரை விழுந்த தாளைக் கந்தோரில் யாரும் இலேசாகத் தொலைப்பதில்லை.

சபைகளில் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் கந்தோர்ப் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. புதிய சபைகள் வந்தது 2025 ஜூனில். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் என்று யாருமே கேள்வி கேட்கவில்லை. உத்தியோகத்தர்கள் அந்த அமைதிக்குப் பழகிவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாக ட்ரக்டர் சாரதிக்கும் வேலையாட்களுக்கும் போன் எடுத்து "இங்கே வா, அங்கே போ" என்றால் அவர்களுக்கும் தலை சுற்றும். நீங்கள் அந்த வரிசையில் சேராதேங்கோ. வேலையாட்களுக்குக் கட்டளை போடும் அதிகாரம் உறுப்பினருக்கு இல்லை. சொல்ல வேண்டியதைத் தவிசாளரிடமோ செயலாளரிடமோ சொல்லுங்கோ.

அடுத்தது உங்கள் தொலைபேசி. வருகிற எல்லாம் சபையின் வேலை அல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகிய மூன்றையும்தான் பிரதானமாகச் சபையின் கையில் தருகிறது. குப்பை, சந்தை, நூலகம், சுடலை, கட்டாக்காலி மாடு, வெள்ளவாய்க்கால் எல்லாம் இதற்குள் வரும். வீதியிலும் எல்லா வீதியும் அல்ல. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. வயலுக்குப் போகிற பாதைகளில் சில கமநலத் திணைக்களத்துக்கு. மிச்ச ஒழுங்கைகள்தான் பெரும்பாலும் உங்களுடையவை. இந்தப் பிரிவு தெரியாமல் பிரதான வீதிக் குழிக்குச் சபையில் நின்று சத்தம் போடுகிற பழைய உறுப்பினர்களே இருக்கிறார்கள்.

அஸ்வெசும பிரதேச செயலகத்து வேலை. கேட்டு வருபவரை விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) அனுப்புங்கோ. மேன்முறையீட்டுப் படிவம் நிரப்ப உதவலாம், "நான் எடுத்துத் தாறன்" என்று மட்டும் சொல்லாதேங்கோ. மரம் விழுகிற ஆபத்து என்றால் சபைக்கு எழுத்தில் தரச்சொல்லுங்கோ, போய்ப் பார்த்து வளவுக்காரருக்கு அறிவித்தல் அனுப்பலாம். வேலை கேட்பவருக்கு உடனேயே "இல்லை" சொல்லிவிடுங்கோ. சபையின் நிரந்தர ஆளணி மாகாணப் பொதுச்சேவைக்குள் வருவது, உறுப்பினர் வாயால் கிடைப்பதில்லை. "பார்ப்பம்" என்று நீங்களும் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை ஒரு வருடம் உங்கள் வாசலில் நிற்பான். அதற்கிடையில் யாராவது உங்கள் பெயரைச் சொல்லி அவனிடம் காசும் வாங்கிவிடுவார்கள்.

"போனஸ்" கதைக்கு வருகிறேன். உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி சபையில் 60 வீதம் வட்டாரத்தால், 40 வீதம் பட்டியலால். பெண்கள் 25 வீதம் என்ற சட்டம் 2016இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2018 தேர்தலில். அதற்கு முன் நாடு முழுக்க உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வட்டார வேட்பாளர்களில் பெண்களுக்குப் பத்து வீதமும் பட்டியலில் பாதியும் என்று சட்டமே வைத்திருக்கிறபோது பெண்கள் பட்டியலால் வராமல் வேறு எதனால் வருவார்கள்? வட்டாரத்தில் வென்றவரின் கை ஒன்றாகவும் உங்கள் கை அரையாகவும் எண்ணப்படுவதில்லை. அடுத்த முறை குத்தினால் இதைக் கூட்டத்திலேயே அமைதியாகச் சொல்லிவிட்டு உங்கள் விஷயத்தைத் தொடருங்கோ. அழுதுகொண்டு வெளியே வந்துவிட்டால் கூட்டறிக்கையில் அது மட்டும்தான் மிஞ்சும்.

வட்டாரம் இல்லாதது உங்களுக்கு வசதி என்றும் சொல்வேன். வட்டாரத்தில் வென்றவர் தன் பகுதி ஒழுங்கைகளுக்குள் மாட்டிக்கொள்வார். நீங்கள் ஒரு வேலையைக் கையில் எடுக்கலாம். முன்பள்ளி உங்களுக்குத் தெரிந்த இடம். சபைப் பராமரிப்பில் உள்ளவற்றில் எதில் மலசலகூடம் பாவிக்க முடியாமல் இருக்கிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் இந்த வருடத்துக்கு நான் சொல்வது வாய்க்கால். மாரிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

வாய்க்கால் விஷயம் கொஞ்சம் கவனம். அடைப்பு மண்ணாலும் பிளாஸ்டிக்காலும் மட்டும் வருவதில்லை. ஒருவர் மதிலை நாலடி வெளியே தள்ளிக் கட்டியிருப்பார். இன்னொருவர் கார் ஏற வசதியாக வாய்க்காலுக்கு மேல் கொங்கிரீட் போட்டு, கீழே ஆறங்குலக் குழாய் ஒன்றை வைத்திருப்பார். தண்ணீர் அதில் போகாது, திரும்பி மேல்பக்கத்து வீட்டு அடுப்படிக்குள் போகும். அந்த மதில்காரர் உங்கள் சித்தப்பாவாகவும் இருக்கலாம், தேர்தலில் நோட்டீஸ் ஒட்டியவராகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்தையும் உங்கள் விறாந்தையில் இருத்திச் சமாதானம் பேசப் போகாதேங்கோ, இரண்டு பக்கமும் உங்களைத்தான் திட்டும். சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு போய், வாய்க்கால் தொடங்குகிற இடத்திலிருந்து மதகு வரை நடந்து, அளந்து, படம் எடுங்கோ. வாய்க்கால் போகிற வட்டாரத்து உறுப்பினர் வேறு கட்சி என்றாலும் முதல்நாளே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ. கடைசி மதகு பிரதான வீதியில் இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் சபையால் கடிதம் போகவேண்டும். அது இல்லாமல் ஒழுங்கைக்குள் எவ்வளவு கிண்டினாலும் வெள்ளம் வந்து அங்கேயே நிற்கும். மதிலை இடிப்பதா என்ற முடிவு சட்டப்படி அறிவித்தல் கொடுத்துச் சபை எடுக்கட்டும். மண்ணை வெட்டி எடுக்கிற வேலையை மட்டும் செப்டெம்பருக்குள் முடிக்கச் சொல்லுங்கோ. ஐப்பசியில் வெள்ளத்துக்குள் ஜே.சி.பி.யை இறக்கினால் படம் வடிவாக வரும், தண்ணீர் இறங்காது.

இதைப் பிரேரணையாகக் கொடுங்கோ. கூட்டத்தன்று எழும்பி நின்று கதைத்தால் அது கதைதான். முன்கூட்டியே எழுத்தில் செயலாளரிடம் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் ஏற்றவேண்டும். எத்தனை நாளுக்கு முன் கொடுப்பது என்று கந்தோரில் கேட்டு வையுங்கோ. வழிமொழிய ஒருவரை முதலே பிடியுங்கோ. எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் இன்னும் நல்லது. சென்ற கூட்டறிக்கையை உறுதிப்படுத்துகிற நேரத்தில் பலர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கதைத்தது அதில் சரியாக இருக்கிறதா என்று வாசியுங்கோ.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூட்டம் வரவு செலவுத் திட்டம். வருடம் முடியமுன் அது நிறைவேற வேண்டும், வரைவு ஒக்டோபர், நவம்பரிலேயே உருவாகிவிடும். உங்கள் சபையில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை என்றால் தவிசாளருக்கு ஒவ்வொரு கையும் தேவை. 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையில் வரவு செலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்று முதல்வரின் பதவி போனதை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனபடியால் வரைவு எழுதப்படுகிற நேரத்திலேயே தெருவிளக்குக்கு இவ்வளவு, வாய்க்காலுக்கு இவ்வளவு என்று கேளுங்கோ. மிரட்ட வேண்டாம், உங்கள் கட்சிக்காரரோடு கதைக்காமல் தனியாகவும் போகவேண்டாம். வாக்கெடுப்பு நாளில் நீண்ட உரை ஆற்றுவதால் ஒரு பல்பும் கூடப்போவதில்லை.

வரவுப் பக்கத்தையும் பாருங்கோ. சோலைவரி (வீடு, வளவுக்குச் சபை அறவிடும் வரி) அறவிடுகிற பகுதி என்றால் நிலுவை எவ்வளவு என்று கேளுங்கோ, பார்த்தால் மயக்கம் வரும். ஜனவரி 31க்குள் முழு வருடத்தையும் கட்டினால் பத்து வீதம் கழிவு. இதை மார்கழியிலேயே சனசமூக நிலையங்களில் சொல்லுங்கோ. லைட்டுக்கு முதலில் போன் எடுப்பவரே வரி கட்டாதவராகவும் இருப்பார். அவருக்கும் லைட் போடத்தான் வேண்டும், ஆனால் ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

தொலைபேசிக்கு நேரம் வையுங்கோ. பின்னேரம் ஆறிலிருந்து எட்டு என்று வாசலில் எழுதி ஒட்டினால் ஒரு மாதம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். செத்த மாடு, அறுந்த வயர், வெள்ளம் இவற்றுக்கு மட்டும் எந்த நேரமும். கணவரின் இலக்கத்தை யாருக்கும் கொடுக்காதேங்கோ. பாதிக் கோபம் அதிலேயே குறையும். அவர் உங்களுக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால் ஊர் அவரைத்தான் உறுப்பினர் என்று நினைக்கும், அது இருவருக்கும் நல்லதல்ல.

விட்டுப்போட்டு வருவது பற்றி: நீங்கள் விட்டால் கதிரை வெறுமையாக இருக்காது, கட்சி இன்னொருவரைப் போடும். ஆனால் மூன்று மாதத்தில் ஒருவருக்கும் இந்த வேலை பிடிபடாது. முதல் வரவு செலவுத் திட்டம் முடியும் மட்டும் இருங்கோ. தை பிறந்த பிறகும் விடவேண்டும் போலவே இருந்தால் திரும்ப எழுதுங்கோ, அப்போது கதைப்போம்.