ஏற்காடு ஏற்றத்தில் கார் ஸ்பீக்கரில் வரும் இரைச்சல்

ஸ்பீக்கரை மாற்றாதீர்கள்; ஆம்ப்ளிஃபயரின் எர்த் இணைப்பை, அதாவது வண்டியின் தகரத்தோடு சேரும் ஒயரைப் பாருங்கள். அடிவாரத்தில் அமைதியாக இருந்து, கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் 'ஙொய்ங்' என்று ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஓசை, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருடையது.

டிக்கியில் எர்த் ஒயர் முடுக்கிய போல்ட்டைக் கழற்றுங்கள். அடியில் பெயின்ட் இருந்தால், தகரம் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். என் வண்டியில் காசளவு பெயின்ட்தான் இரண்டு மாதம் படுத்தியது.

அப்படியும் நிற்கவில்லையா? ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்டீரியோவிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர்களை உருவிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். ஓசை நின்றால், அந்த ஒயர் பேட்டரி ஒயரோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கொண்டுபோங்கள்.

போல்ட்டைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்கவே கூடாது.